பம்பைக்கு ஆடிய எலும்புகள்

"சவுண்டு பல்பு போயிருச்சுய்யா" என்று ஆப்பரேட்டர் அண்ணாச்சி சொன்னதும் தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது. 1981 பங்குனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தாத்தா வீட்டுத் தெருவில் நெசவாளர்கள் எல்லோரும் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு பிரித்து 16 எம்.எம். படம் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே, தெருக்காரர்களே நெய்த வேட்டிகளை மூட்டித் தைத்த திரை. காற்று வரும்போதெல்லாம் அது வயிறு உப்பும், பிறகு எக்கும். அன்றைக்குப் படம் 'திருமால் பெருமை'. சிவாஜி பெரியாழ்வாராக வரும் படம். 1968-ல் வந்தது என்றாலும், தங்கள் ஊர்க் கதையைத் தங்கள் தெருவிலேயே பார்க்கப் போகிறோம் என்று ஜனங்களுக்கு அது புதுப்படம் மாதிரிதான் இருந்தது. ஆச்சிகள் எல்லாம் சாயங்காலமே பாயும் தண்ணீர்ச் செம்புமாக வந்து இடம் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள், நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம். சத்திரப்பட்டிப் பக்கம் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கும். காபி வடிகட்ட, சிலேட்டுத் துடைக்க, முழங்காலில் அடிபட்டால் கட்டுப்போட என்று எல்லாவற்றுக்கும் அந்த வலை போன்ற வெள்ளைத் துணிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கிருந்து 12 கிலோமீட்டர். பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். கொஞ்ச நேரத்தில் வானத்தில் கோபுரம் தெரியும். பதினொரு நிலை, 192 அடி. "அந்தா பாரு, ஆண்டாள் கோபுரம்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே சொல்வாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் விறகுப் புகையும் சுண்டிய பாலும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். பால்கோவா கிண்டும் அடுப்புகளின் வாசனை அது. அந்த வாசனை வந்துவிட்டால் அம்மாவின் நடை மாறிவிடும். வேகமாக நடப்பாள். பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்களின் நடை.

அம்மாச்சி வீட்டின் முன்கட்டு முழுக்கத் தறிதான். குழித்தறி. தாத்தா குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்தால் தரைக்கு மேல் பாதித் தாத்தாதான் தெரிவார். கீழே கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும். மேலே ஒரு கை கயிற்றைச் சுண்டும், இன்னொரு கை அச்சுப் பலகையை இழுத்து அடிக்கும். நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். காலுக்கும் கைக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருப்பது போல இருக்கும் அது. மிதி, சுண்டு, அடி. பக்கத்தில் அம்மாச்சி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டில் பேச்சு எப்போதும் தறிச் சத்தத்தின் இடைவெளிகளில்தான் நடக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு வார்த்தை. அம்மா இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறாள். விட்டு விட்டு.

ஆப்பரேட்டர் அண்ணாச்சியின் புரொஜெக்டர் ஒரு மேசை மேல் இருந்தது. அதைச் சுற்றிச் சின்னப் பையன்கள் கூட்டம், அதில் முதல் ஆள் நான். தையல் மிஷின் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவே பிலிம் வளைந்து நெளிந்து போகும் பாதை. 16 எம்.எம். சவுண்டு பிலிமில் ஒரு ஓரத்தில்தான் பல் மாட்டும் ஓட்டை இருக்கும். இன்னொரு ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று நடுங்கிக்கொண்டே கூடப் போகும். அந்தக் கோடுதான் சத்தம். படத்தைத் திரைக்கு அனுப்ப ஒரு பெரிய பல்பு, அந்தக் கோட்டைப் படிக்க ஒரு குட்டிப் பல்பு. குட்டிப் பல்பின் வெளிச்சம் ஊசி மாதிரிக் கோட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் இருக்கும் போட்டோ செல்லில் விழும். கோடு நடுங்குகிற அளவுக்கு வெளிச்சம் கூடிக் குறையும், அது மின்சாரமாகி, ஆம்பிளிஃபயர் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகும். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு படத்துக்கு உரிய சத்தம் பிலிமில் அந்தப் படத்துக்கு நேராக இருக்காது, 26 படங்கள் முன்னால் இருக்கும். படம் வெளிச்சத்துக்கு முன் நின்று நின்று போக வேண்டும். சத்தம் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு இடம். இவையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கடுகு டப்பா அளவு ஒரு கூண்டைத் திறந்து அண்ணாச்சி ஒரு பல்பை வெளியே எடுத்தார், அது உள்ளே கருத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் மாற்றுப் பல்பு இல்லை. ராஜபாளையத்தில் இதே தொழில் செய்கிற இன்னொருவரிடம் இருக்கும் என்றார். சத்தமில்லாமல் 'திருமால் பெருமை' போட முடியாது. சிவாஜி பேசாத சிவாஜி படத்தை யார் பார்ப்பார்கள்? தாத்தா மாமாவைப் பார்த்தார். மாமாவுக்கு அப்போது பதினேழு வயது. "நீ போயிட்டு வாரியாடா?" என்று கேட்டு முடிக்கும் முன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். டைனமோ விளக்கு தெருமுனை வரைக்கும் மினுக்கிக்கொண்டு போனது. போக 12, வர 12. எப்படியும் இரண்டு மணி நேரம்.

கூட்டத்தைக் கலைய விடக் கூடாது. அண்ணாச்சி தன் தகரப் பெட்டியைத் துழாவி, உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சுருள் ஒன்றை எடுத்தார். "பிள்ளைகளுக்கு ஒரு பொம்மைப் படம் போடுறேன். சத்தம் வராது. சும்மா பாருங்க" என்றார். அந்தச் சுருள் எப்படி அவரிடம் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மதுரையில் பழைய பிலிம்களை மொத்தமாக வாங்கும்போது கூட வந்த சில்லறை என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. இருநூறு அடி இருக்கும். ஐந்தரை நிமிடம்.

திரையில் முதலில் இரண்டு கண்கள். உருண்டைக் கண்கள். மின்னல் வெட்டியது. கண்கள் பின்வாங்கி ஓர் ஆந்தையாயின. மரக்கிளை கை போல நீண்டு ஆந்தையை மிரட்டியது. மணிக்கூண்டிலிருந்து வௌவால்கள் கிளம்பின. ஒரு நாய் நிலாவைப் பார்த்து ஊளையிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை. எங்கள் ஊர் நாயைப் போல வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமாக இல்லை, கறுப்பாக இருந்தது. கல்லறைக் கற்களின் மேல் இரண்டு பூனைகள் உட்கார்ந்து ஒன்றின் மூக்கை ஒன்று பிடித்து இழுத்தன. அப்போது அவற்றின் பின்னால் ஓர் எலும்புக்கூடு எழுந்தது.

எழுந்தது மட்டும் இல்லை. எங்களை நோக்கி நடந்து வந்தது. வாயைத் திறந்துகொண்டே வந்தது. திரை முழுவதும் அதன் வாயாகி, நாங்கள் எல்லோரும் அதற்குள் போய்விட்டோம். வேட்டித் திரை காற்றில் உப்பி எங்கள் பக்கம் வளைந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் அண்ணாச்சியின் மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கூடு தன் தலையைக் கழற்றி ஆந்தை மேல் எறிந்தது. ஆந்தையின் சிறகெல்லாம் கொட்டிப்போனது. ஒன்று நான்கானது. நான்கும் கைகோத்து ஆடின. ஒன்று இன்னொன்றின் இரண்டு தொடை எலும்புகளைப் பிடுங்கி, அதன் முதுகெலும்பிலேயே தட்டி வாசித்தது. ஒன்று பூனையின் வாலை நரம்பாக்கி வில் போட்டு இழுத்தது. பயந்து ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு தெருவே சிரித்தது. விடியல் வந்தது, சேவல் கூவியது. பதறிப்போன நான்கு கூடுகளும் ஒன்றோடொன்று மோதிக் கலந்து, கை கால் எல்லாம் பின்னிய ஒரே உருவமாகிக் குழிக்குள் விழுந்தன. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே மறந்துபோய்க் கிடந்தன. உள்ளிருந்து ஒரு கை வந்து அவற்றையும் இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அவ்வளவையும் நாங்கள் பார்த்தது புரொஜெக்டரின் கடகடப்பிலும் ஒலிபெருக்கியின் வெற்று ரீங்காரத்திலும்தான்.

கொஞ்சம் சலசலப்பு வந்தது. "மாரியாத்தா விசேஷத்தன்னைக்கு எலும்புக்கூடும் சுடுகாடுமா?" என்று ஒரு பெரியம்மா எழுந்து நின்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டில் பூக்குழி இறங்கக் காப்புக் கட்டியிருந்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தப் போனார். எங்கள் அம்மாச்சிதான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னாள். "காரைக்கால் அம்மை எப்படி இருந்தா? எலும்பும் தோலுமா, பேய் உருவமாத்தானே ஆலங்காட்டுல சாமி ஆடறப்போ தாளம் போட்டா. எலும்பு ஆடக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லியிருக்கு? பிள்ளைக சிரிக்குதுக. போடட்டும்." பெருமாள் ஊரில் இருந்துகொண்டு சிவன் கதையை எடுத்து அவள் பேசியதும் அந்தப் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். கோயில் தூண்களில் காரைக்கால் அம்மையாரைப் பார்க்கும்போதெல்லாம், விலா எலும்பு தெரிய அவர் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு அம்மாச்சியின் வெற்றிலை வாசனைதான் வரும்.

இரண்டாவது முறை சுருள் ஓடியபோதுதான் அது நடந்தது.

திருவிழாவுக்கு வந்திருந்த பம்பைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு எங்கள் திண்ணையில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர், ஒல்லியான ஆள், முதல் முறை படம் ஓடும்போது கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது முறை எலும்புக்கூடுகள் கைகோத்ததும் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து திரைக்குப் பக்கமாகப் போய் நின்றார். குச்சியால் மெல்ல ஓர் அடி. கொஞ்சம் தள்ளி விழுந்தது. இன்னோர் அடி. அதுவும் தள்ளி. தலையை ஆட்டிக்கொண்டார். தாத்தா திண்ணையிலிருந்து, "கையைப் பாக்காதீரு. காலைப் பாரும். மிதி விழுதுல்ல, அங்க அடியும்" என்றார். நாற்பது வருடம் காலால் தாளம் போட்டுத் துணி நெய்தவர் அவர். சத்தமில்லாத படத்தில் தாளம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருந்தது.

பம்பைக்காரர் கால்களைப் பார்த்தார். எலும்புக்கூட்டின் குதிகால் தரையைத் தொடும் இடத்தில் குச்சி விழ ஆரம்பித்தது. அந்த ஆட்டம் முடிவதற்குள் பிடித்துவிட்டார். "இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி" என்று கேட்டதும் அவர்தான். மூன்றாவது முறை, முதல் மின்னல் வெட்டியதுமே பம்பை இடித்தது. பூனைகள் மூக்கை இழுக்கும்போது குச்சியைத் தோலில் இழுத்து ஒரு கீறல் ஓசை. தலை பறந்து ஆந்தை மேல் பட்டபோது ஒரே ஓர் அடி, நெஞ்சில் விழுந்தது போல. முதுகெலும்பைத் தட்டி வாசித்தபோது அவர் பம்பையின் மரக்கட்டை விளிம்பில் வாசித்தார். எலும்பின் சத்தம் அது. எலும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது, இன்றைக்கு வரை மாறவில்லை. சேவல் வந்தபோது அவர் கையை நிறுத்திவிட்டார். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் கொக்கரக்கோ என்று கூவினார். தெரு அதிர்ந்தது.

மாமா வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கியிருக்கும். சட்டையெல்லாம் வியர்வை. பல்பு மாட்டியதும் ஒலிபெருக்கி இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது. நாங்கள் பிள்ளைகள் பொம்மைப் படத்தைச் சத்தத்தோடு ஒரு முறை போடச் சொல்லிக் கெஞ்சினோம். நேரமாகிவிட்டது. பெரியவர்கள் பெரியாழ்வாருக்காகக் காத்திருந்தார்கள். கே.ஆர்.விஜயா ஆண்டாளாக வருவதற்குள் நான் அம்மாச்சி மடியில் தூங்கிவிட்டேன். காலையில் கண் விழித்தபோது மூங்கில் கழிகள் மட்டும் நின்றன. அண்ணாச்சி விடியற்காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சுருளின் சத்தம் அவரோடு போய்விட்டது.

ராஜபாளையம் திரும்பிய பிறகு எல்லா நோட்டின் ஓரத்திலும் எலும்புக்கூடு வரைந்தேன். பக்கத்துக்குப் பக்கம் காலைக் கொஞ்சம் நகர்த்தி வரைந்து, விரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அது ஆடும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தேன். மில்லில் கொடுத்த தினசரிக் காலண்டர் கட்டு முழுவதும் ஓர் ஆட்டத்துக்குச் செலவானது. விரலால் விடும்போது வாயால் பம்பை வாசிப்பேன். பத்துப் படத்துக்கு ஓர் அடி வைத்தால் ஒரு வேகம், ஆறு படத்துக்கு ஓர் அடி வைத்தால் இன்னொரு வேகம். அப்பா ஷிப்டு முடிந்து வந்து, "என்னடா இது, கால் தரையில படுறப்போ மட்டும் கொஞ்சம் நின்னு போகுது?" என்று கேட்டார். இயந்திரத்தோடு பழகியவர் கண். தரையில் படும் படத்தை நான் இரண்டு தாளில் வரைந்திருந்தேன். அப்படி வரைந்தால்தான் மிதி விழுந்த மாதிரி இருந்தது.

அந்தப் படத்தின் பெயர் எனக்கு 1990-களில்தான் தெரிந்தது. மதுரையில் படிக்கும்போது நூலகத்தில் உலக சினிமா பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அந்த நான்கு கூடுகளும் கைகோத்து நின்றன. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்', வால்ட் டிஸ்னி, 1929. 'சில்லி சிம்பனீஸ்' என்ற வரிசையின் முதல் படம். மிக்கி மவுஸ் 'ஸ்டீம்போட் வில்லி'யில் சத்தத்தோடு தோன்றியது 1928 நவம்பரில். அதற்கு அடுத்த வருடமே இது. தமிழ்த் திரை வாய் திறந்தது 1931 அக்டோபர் 31-ல், 'காளிதாஸ்' வெளியானபோது. எங்கள் தெருவில் ஊமையாக ஆடிய அந்தக் கூடுகள், தமிழ் சினிமா பேசுவதற்கு இரண்டு வருடம் முன்பே சத்தத்தோடு ஆடியவை.

அதற்குப் பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் அந்தப் படத்தைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய முழுவதையும் வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். டிஸ்னியின் ஆரம்பக் கூட்டாளி, மின்னல் கைக்காரர். ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது இசையமைத்த கார்ல் ஸ்டாலிங்கிடம். அவர் கன்சாஸ் சிட்டியில் ஊமைப் படங்களுக்குத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர். திரையைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும், குதிரை ஓடினால் ஓட வேண்டும், கதாநாயகி அழுதால் அழ வேண்டும். நம் ஊர்களிலும் ஊமைப் பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து வாசித்திருக்கிறார்கள். எங்கள் பம்பைக்காரர் அன்றைக்குச் செய்ததும் அதே வேலைதான். அறியாமலே அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றவர் அவர்.

ஸ்டாலிங் டிஸ்னியிடம் வேறொரு யோசனை சொன்னார். படம் வரைந்த பிறகு இசையைப் பொருத்துவதற்குப் பதிலாக, இசையை முதலில் வைத்துக்கொண்டு அதற்குப் படம் வரைவோம் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் 'சில்லி சிம்பனீஸ்'. எலும்புக்கூடு ஆட்டம் என்ற எண்ணமும் அவருடையதே. சிறுவனாக இருந்தபோது ஒரு பத்திரிகை விளம்பரத்தில் ஆடும் எலும்புக்கூட்டைப் பார்த்து, அப்பாவிடம் கால் டாலர் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார். வந்தது அட்டையில் வெட்டி நூலில் கோத்த பொம்மை. அந்தப் பொம்மை அவர் மனதில் எத்தனை வருடம் ஆடிக்கொண்டிருந்திருக்கும்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலண்டர் தாளில் நான் ஆட்டிய கூடும், அட்டையில் அவர் ஆட்டிய கூடும் ஒரே கூடாகிவிட்டன.

வரைகிறவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சத்தப் படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள். பன்னிரண்டு படத்துக்கு ஓர் அடி என்றால் நொடிக்கு இரண்டு அடி. எந்தப் படத்தில் குதிகால் தரையைத் தொட வேண்டும் என்பது வரையும் முன்பே தாளில் குறித்து வைக்கப்பட்டிருக்கும். தாத்தா 'மிதி விழுது' என்று கண்டுபிடித்தது அந்தக் குறிப்பைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் குழித்தறியில் உட்கார்ந்த ஒருவர் ஐவர்க்ஸின் தாளை, பார்க்காமலே, படித்துவிட்டார். சத்தம் செத்துப்போயிருந்தும் படத்துக்குள் தாளம் உயிரோடு இருந்தது. அந்தப் படத்தை முதலில் பார்த்தவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். பிணக்குழியும் எலும்பும் யாருக்கு வேண்டும், இன்னும் எலியே போடுங்கள் என்றார்களாம். லாஸ் ஏஞ்சலீஸில் கார்த்தே சர்க்கிள் என்ற தியேட்டரில் போட்ட பிறகே அதற்கு நல்ல காலம் பிறந்தது. எங்கள் தெருவில் எழுந்து நின்ற பெரியம்மாவின் கேள்வி உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி என்று தெரிந்தபோது அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

இவ்வளவு படித்தும் நான் அதைச் சத்தத்தோடு பார்க்கவில்லை. இணையம் வந்தது, கைப்பேசி வந்தது, தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும். தேடவில்லை. பம்பைச் சத்தம் போய்விடுமோ என்ற பயம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவரின் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் வாசித்தது எந்தக் கோட்டிலும் பதிவாகவில்லை. அதை வைத்திருந்த இடங்களில் என் காதும் ஒன்று.

2025 தொடங்கிய அன்று அமெரிக்காவில் அந்தப் படத்தின் காப்புரிமை முடிந்து அது பொதுச் சொத்தானது. அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். தாத்தாவும் அம்மாச்சியும் இல்லை. அம்மா கடைசிக் காலத்தை அந்த வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்று சொல்லி வந்துவிட்டாள். தறியைப் பிரித்து வெகு நாளாயிற்று. குழியை மூடி சிமென்ட் போட்டிருக்கிறார்கள், ஆனால் தரையில் அந்த நீள்சதுரம் வேறு நிறத்தில் தெரியும். அம்மா அதன் மேல் நாற்காலி போட மாட்டாள். சுற்றிப் போய் உட்காருவாள்.

"அம்மா, அந்தப் பொம்மைப் படம் நினைவிருக்கா?" என்றேன். "எலும்பு" என்றாள். கொஞ்சம் விட்டு, "பம்பை" என்றாள். கைப்பேசியை அவள் மடியில் வைத்து ஓட விட்டேன்.

பித்தளை வாத்தியங்கள், மரத்தட்டுகள், குழல்கள். நான் நினைத்ததைவிட மென்மையான இசை. நடுவில் நார்வேக்காரர் எட்வர்ட் கிரீக்கின் குள்ளர்கள் அணிவகுப்பு வருகிறது என்று படித்திருந்தேன், அதுவும் வந்தது. முதலில் எனக்கு எதுவும் ஒட்டவில்லை. வேறு யாரோ ஒருவர் என் பிள்ளைப்பருவத்துக்குப் பின்னணி வாசிப்பது போல இருந்தது. பிறகு முதுகெலும்பு வாசிக்கும் இடம் வந்தது. ஸைலபோன். மரத்தில் மரம் படும் ஓசை. பம்பையின் விளிம்பில் குச்சி விழுந்த அதே இடங்கள், அதே இடைவெளிகள். ஓரிடத்தில் மட்டும் பெரியவர் ஸ்டாலிங்கைவிட ஓர் அடி கூடுதலாகப் போட்டிருந்தார். அந்த அடி இல்லாத இடத்தில் என் விரல் தானாகத் தொடையில் தட்டியது. பார்த்தால் அம்மாவின் பாதமும் சிமென்ட் தரையில் தட்டியிருந்தது.

"தம்பி இதைப் பார்க்கவே இல்லையேடா" என்றாள் அம்மா திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்து நான்கு வருடமாக இந்தக் கதையை நான் யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன். மாமா பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மூன்று முறை படம் ஓடிய அந்த இரண்டு மணி நேரமும் அவர் மலையோரச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மாமா அடுத்த தெருவில்தான் இருக்கிறார். போன் செய்ததும் வந்துவிட்டார். முட்டி வலியால் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பல்பா?" என்றார். அவருக்கு அந்த இரவில் நினைவிருப்பது படம் இல்லை, பல்புதான். ராஜபாளையத்துக்காரர் அதைப் பேண்டேஜ் துணியில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கொடுத்தாராம். சட்டைப் பைக்குள் வைத்தால் குலுங்கி உடைந்துவிடும் என்று பயந்து, ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஹாண்டில் பிடித்து 12 கிலோமீட்டர் வந்தாராம். எதிரில் லாரி வந்தால் இறங்கி நின்றுகொள்வாராம். "வழியெல்லாம் இருட்டு மாப்ளே. எனக்குப் பயமே இல்ல. பல்பு உடையக் கூடாதுன்னு ஒண்ணுதான் நெனப்பு. தெருமுனை வரும்போது பம்பைச் சத்தம் கேட்டுச்சு. சாமி வந்துருச்சு போலன்னு நெனச்சேன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். எலும்புக்கூடு வாயைத் திறந்துகொண்டு வந்தபோது தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். நான்கும் கைகோத்தபோது வாய்விட்டுச் சிரித்தார். சேவல் கூவி, எல்லாம் குழிக்குள் விழுந்து, அந்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தனியாகக் கிடந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். கை வந்து அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டதும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார். "இவ்வளவுதான் மாமா" என்றேன்.

"இன்னொருக்கா போடு" என்றார்.